குவின்சி டாலிவரின் கைகள்

குவின்சி டாலிவரின் கைகள் அவனுடைய பன்னிரண்டாவது வயதில் தலைக்கு மேலே போயின. இருபத்தொன்றாவது வயதுவரை கீழே வரவில்லை. மேரிடேல் ஊரில், ஆற்றுக்கு இந்தப் பக்கம், கோர்டீலியா தெருவில் குடியிருப்பவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. கண்ணாடி ஆலை இரண்டாவது உலையை அணைத்த வருடம் அது. முட்டை விலை ஏறியது, ஆறு கரை தாண்டி மீன் கடைவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது, குவின்சியின் கைகள் மேலே போயின. தெருவில் யாரைக் கேட்டாலும் இதே வரிசையில்தான் சொல்வார்கள்.

அவனுடைய அப்பா லெமுவேல் டாலிவர் ஆற்றோரத்து உயர்நிலைப் பள்ளியில் பேண்டு மாஸ்டர். அவருடைய பேண்டுப் பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு அணியாக நடந்து வந்தால் அத்தனை பேர் நடப்பது கேட்காது, ஒரே ஆள் நடப்பதாகத்தான் கேட்கும். அந்த ஒழுங்கை அவர் அடித்தோ திட்டியோ கொண்டுவந்ததில்லை. திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார். “தலைக்குத் தெரிஞ்சா பத்தாது, உடம்புக்குத் தெரியணும். இன்னொரு தடவ, முதல்லேர்ந்து” என்பார். பிள்ளைகள் மனதுக்குள் வைதுகொண்டே முதலிலிருந்து வாசிப்பார்கள். ஓஹியோ மாநிலத்துப் பரிசுகள் பாதி அந்தப் பள்ளியின் கண்ணாடி அலமாரியில்தான் தூசு படிந்து நின்றன.

கறுப்பர்கள் குடியிருக்கும் கோர்டீலியா தெருவில் எந்த வீட்டிலும் பிள்ளைக்கு விவரம் தெரிகிற வயது வந்ததும் அந்தப் பேச்சு நடக்கும். எந்தப் பேச்சு என்று யாரும் கேட்பதில்லை. முடி வெட்டிவிடும்போது, பாத்திரம் துடைக்கும்போது, பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் சொல்ல வசதியான ஏதாவது ஒரு வேலையின் நடுவே அதைச் சொல்லி முடித்துவிடுவார்கள். கடைக்குள் போனால் கையைப் பையில் விடாதே. எங்கேயும் ஓடாதே, அவசரம் என்றாலும் ஓடாதே. வெள்ளைக்காரப் பையன் செய்கிற அதே குறும்பை நீ செய்தால் அதற்குப் பெயர் குறும்பு இல்லை. போலீஸ் நிறுத்தினால் கை தெரிய வேண்டும், குரல் ஏறக்கூடாது. உயிரோடு வீடு வந்து சேர், மானத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொல்லி முடித்த அன்று பிள்ளைக்குப் பிடித்ததைச் சமைப்பது வழக்கம். நாள் கிழமை இல்லாமல் ஒரு வீட்டில் பீச் பழமும் வெண்ணெயும் சேர்ந்து வேகும் வாசனை வந்தால், ஐயோ அந்தப் பிள்ளைக்கும் சொல்லிவிட்டார்களா என்று தெருவே ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தும்.

லெமுவேலுக்கும் அவர் தம்பி ஹார்லனுக்கும் அவர்களுடைய அப்பா பஞ்சரான சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே அதைச் சொன்னார். இருவர் காதிலும் ஒரே வார்த்தைகள்தான் விழுந்தன. ஹார்லன் அவற்றை மறக்காமல் திருப்பிச் சொல்லியும் காட்டினான். பத்தொன்பது வயதில் ஒரு போலீஸ்காரர் அவனை நிறுத்தியபோது அவன் கை சீப்பை எடுக்கச் சட்டைப்பைக்குப் போனது. பயந்தால் தலை வாரிக்கொள்கிற பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஹார்லனைப் புதைத்த இடத்தில் இப்போது நல்ல நிழல் இருக்கிறது. அவன் சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அழுதார்கள், சிலர் கடவுளைத் திட்டினார்கள். லெமுவேல் மட்டும், பயம் வந்தால் மனிதனை விட்டு முதலில் ஓடுவது தலைதான், மிஞ்சுவது உடம்பு, ஆகவே உடம்புக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று முடிவு கட்டிக்கொண்டு கல்லறையிலிருந்து திரும்பினார்.

குவின்சிக்கு எட்டு வயதானதும் அவர் சாப்பாட்டு அறையில் நான்கு நாற்காலிகளை இரண்டிரண்டாகப் போட்டார். அதுதான் கார். சூப்புப் பானையின் மூடிதான் ஸ்டியரிங். பையனை முன்னால் உட்கார வைத்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்கட்டு வழியாக வெளியே போய், வேறு ஆளாக உள்ளே வருவார். தொப்பியை இறக்கி, தோளை விரித்து, பூட்ஸ் சத்தத்தோடு வருவார். குவின்சிக்கு முதலில் அது நாடகமாகத்தான் பட்டது. அவன் நல்ல வாயாடி.

“யாரு காருடா இது?”

“எங்கப்பா கார் சார். அவரு பயங்கர கஞ்சன் சார், பள்ளத்துல விழுந்து இது ரெண்டா உடைஞ்சாலும் மாத்த மாட்டாரு சார்.”

சமையலறையில் அவன் அம்மா டெல்ஃபின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். லெமுவேல் சிரிக்கவில்லை. டார்ச்சைப் பையனின் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

“செத்துட்ட,” என்றார். “முதல்லேர்ந்து.”

அடுத்த தடவை அவன் மூக்கைச் சொறிந்தான், செத்தான். அதற்கடுத்த தடவை ‘சார்’ சொல்ல மறந்து செத்தான். அவன் கீழே விழுந்த மூடியை எடுக்கக் குனிந்ததும் கணக்கில் சேர்ந்தது. ஒரு சனிக்கிழமைக் காலைக்குள் குவின்சி எத்தனை முறை சாவான் என்பதற்கு ஒரு வரைமுறை இல்லை. நடுநடுவே அவன் கேள்வி கேட்பான்.

“வெள்ளக்காரப் பசங்களுக்கும் அவங்கப்பா இப்பிடி நாற்காலி போடுவாரா?”

“இல்ல.”

“ஏன்?”

“அவங்களுக்குத் தேவையில்ல.”

“நாம என்ன பண்ணோம்?”

“ஒண்ணும் பண்ணல. கையத் தூக்கு.”

நான்கு வருடம் இது நடந்தது. நடுவில் அவர் மகனுக்கு டிராம்போன் என்கிற, இழுத்து ஊதும் பித்தளைக் குழலை வாசிக்கவும் சொல்லிக்கொடுத்தார். பையனுக்குக் கை நீளம், காது சுத்தம். இரண்டையும் பாடம் பிடித்துக்கொண்டான். தெருவில் நடந்துபோகிறவர்கள் அவன் வாசிப்பைக் கேட்டு நின்றுவிட்டுப் போவார்கள். லெமுவேல் வாழ்நாளில் பார்த்த மாணவர்களில் அவன்தான் முதல். இதில் பொய்யில்லை, துரதிர்ஷ்டம் அதுதான்.

பன்னிரண்டாவது பிறந்தநாள் கழிந்த வாரம் ஆணியும் பெயின்டும் வாங்க இருவரும் கடைக்குப் போயிருந்தார்கள். நாயோடு உள்ளே வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவரைப் பார்த்துக் காவலாளி, “ஏய், நில்லு!” என்று கத்தினார். பெரியவர் நிற்கவில்லை, நாயும் நிற்கவில்லை. நாலைந்து அலமாரி தள்ளி நின்ற குவின்சியின் கைகள் மேலே போயின. விரல்கள் விரிந்து, உள்ளங்கை வெளியே பார்த்து, முழங்கை வளையாமல், அப்பழுக்கு சொல்ல முடியாத தூக்கல். லெமுவேலுக்கு முதலில் வந்தது பெருமைதான். சரி, இறக்கு என்றார். குவின்சி இறக்கப் பார்த்தான். முகம் வியர்க்க முக்கிப் பார்த்தான். பெயின்டு டப்பாவை அப்பாதான் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

டாக்டர் எலும்பைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒரு குறையும் இல்லை, கை இறங்க மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான் என்றார். தேவாலயத்தில் முதல் ஞாயிறு பையன்மேல் பரிசுத்த ஆவி இறங்கிவிட்டதாகச் சபைச் சகோதரிகள் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். காணிக்கைத் தட்டு வந்தபோதும் கை இறங்காததைப் பார்த்துத்தான் போதகருக்குச் சந்தேகம் வந்தது. பள்ளியில் ஆசிரியை ஒவ்வொரு கேள்விக்கும் அவனையே எழுப்பினார். ஒரு மாதத்தில் களைத்துப்போய் அவனை எழுப்புவதையே விட்டுவிட்டார். கூடைப்பந்துக் குழுவில் சண்டை போட்டு அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். எதிராளி பந்தை எறியும் இடத்திலெல்லாம் அந்தக் கைகள் நின்றன. சட்டையை மேலிருந்து இறக்குவது சுலபம், கால்சட்டைக்குத்தான் அம்மா வேண்டும். சாப்பாட்டைத் தங்கை ஓபல் ஊட்டினாள், அவள் கோபத்தில் இருக்கும் நாளில் அவனுக்குக் கீரை மட்டும்தான் கிடைக்கும். மழை நாளில் விரல் வழியாகத் தண்ணீர் சட்டைக்கைக்குள் இறங்கும், பனிக்காலத்தில் அதுவே உறையும். கட்டிலின் தலைமாட்டுப் பலகையை அறுத்து எடுத்தார்கள். அவன் வளர வளர வாசல் நிலைகளும் வளர வேண்டியிருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக உயர்த்திக் கொடுத்தார். பழைய காரை விற்றுவிட்டு லெமுவேல் கூரை திறக்கிற கார் ஒன்று வாங்கினார். அதிலிருந்து இரண்டு கைகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்க, ஞாயிற்றுக்கிழமைகளில் டாலிவர் குடும்பம் தேவாலயத்துக்குப் போய்வந்தது.

டிராம்போன் சுவரில் தொங்கியது. கொஞ்ச நாள் அதை யாரும் பார்க்காமல் நடந்தார்கள். பிறகு ஓபல் ஒரு நாள் கேட்காமல் எடுத்துக்கொண்டாள். அவள் வாசிக்கும்போது குவின்சி எதிரே உட்கார்ந்து, “அக்கா தங்கச்சி சண்ட மாதிரி இருக்கு, கொஞ்சம் மெதுவா இழு” என்பான். அவனுடைய மேலே நின்ற விரல்கள் மட்டும் மெல்ல அசையும். லெமுவேல் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார், தோட்டத்தில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரர்கள் வாழும் விட்காம் ஹைட்ஸில் அவனுக்கு இருந்த மரியாதையே தனி. அங்கே இருக்கிற பெரிய கடைகளில் மற்றப் பிள்ளைகளுக்குப் பின்னாலேயே நடக்கிற காவலாளிகள் குவின்சியைக் கண்டால் சிரித்துக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்கள். வெள்ளைக்காரப் பெண்கள் லெமுவேலிடம் வந்து, எவ்வளவு அருமையாக வளர்த்திருக்கிறீர்கள் என்றார்கள். ஒரு பெண் அவனுடைய விரல்களுக்கு நடுவே மிட்டாய் செருகிவிட்டுப் போனாள். அதை அவனால் வாய்க்குக் கொண்டுபோக முடியாது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. வீடு வரும்வரை அது அங்கேயே உருகிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் கோர்டீலியா தெருவின் கண்ணில் படாமல் போகுமா? ஊரில் அந்த வருடங்களில் போலீஸ் துப்பாக்கியால் சாவுகள் இருந்தன. பதினாறு வயது, பதினெட்டு வயது. தேவாலயத்தில் சின்னச் சவப்பெட்டிகளும், துக்கத்துக்கு வந்த பெண்களின் பெரிய தொப்பிகளுமாக இருந்தது. குவின்சிக்கு மட்டும் ஒரு கீறல் இல்லை. தாய்மார்கள் லெமுவேலைத் தேடி வர ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டு ரோஸெட்டா ப்ரூயிட் தன் மகனைக் காதைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினாள்.

“மாஸ்டர், இவன் கை ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. ஒங்க புள்ளைக்குப் பண்ணினத இவனுக்கும் பண்ணி விடுங்க.”

“ரோஸெட்டா, அது நான் நெனச்சுப் பண்ணினது இல்ல. அவன் நெலமையப் பாத்தியா?”

“பாத்தேன். உயிரோட இருக்கான். அந்த நெலம போதும் எனக்கு.”

அந்த வாரமே தேவாலயத்திலிருந்து நாற்காலிகள் வந்தன. சனிக்கிழமைகளில் அந்த வீட்டில் ஏழெட்டுக் கார்கள் வரிசையாக நின்றன, ஏழெட்டுப் பானை மூடிகள், “செத்துட்ட, முதல்லேர்ந்து” என்ற குரல் தெருக்கோடிவரை கேட்டது. சில பையன்களுக்குக் கை ஒரு நாள் நின்றது, ப்ரூயிட் பையனுக்கு ஒரு வாரம் நின்றது, அதற்குமேல் யாருக்கும் நிற்கவில்லை. தாய்மார்கள் ஏமாற்றத்தோடு பையன்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஓபலை அந்த நாற்காலியில் உட்கார வைக்க டெல்ஃபின் விடவில்லை. “இவள அதுல உக்கார வச்சுப் பாரு லெம். நாலு நாற்காலியையும் ஒடச்சு அடுப்புல வைக்கிறேனா இல்லையா பாரு” என்றாள். அவள் பள்ளிச் சாப்பாட்டுக்கூடத்தில் சமைப்பவள், நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு வந்து மகனுக்கு ஊட்டுபவள். இரவில் அவன் தோள்களை எண்ணெய் போட்டு நீவிவிடும்போது அவள் வாய் ஏதாவது முணுமுணுக்கும், பாட்டா வசவா என்று தெரியாது. மகன் தன்னைக் கட்டிப்பிடித்து இரண்டு வருடமாகிறது என்று ஒரு நாள் அவளுக்கு உறைத்தது. மறுநாள் காலையிலேயே கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

“நீதான ஏத்தின? நீயே எறக்கு.”

“எப்பிடி எறக்கறது? என்ன சொல்லச் சொல்ற?”

“இத்தன வருசம் என்ன சொன்னியோ அதுக்கு நேர் மாறா சொல்லு.”

லெமுவேல் சாப்பாட்டு அறையில் நாற்காலிகளை எடுத்துச் சுவரோரமாக வைத்தார். டார்ச்சை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பதினான்கு வயது மகனை நடுவில் நிற்க வைத்து, எதிரே நின்று, பேண்டுப் பிள்ளைகளுக்கு ஓய்வு சொல்கிற குரலில் பேசினார். இது உன் வீடு. இது உன் தெரு. நீ நல்லவன், உன்னைப் பார்த்து யாருக்கும் பயம் கிடையாது. உன்னை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். முதலிலிருந்து சொன்னார், மறுபடி முதலிலிருந்து சொன்னார். டெல்ஃபின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குவின்சியின் விரல்கள் மெல்ல மடங்கின. முழங்கைகள் தளர்ந்தன. கைகள் காது மட்டத்துக்கு வந்தன, பிறகு தோள் மட்டத்துக்கு வந்தன. அந்த நேரத்தில் பையன் அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டான்.

“நெஜமாவாப்பா?”

லெமுவேல் பொய் சொல்லிப் பழகாதவர். ஒரு மூச்சு தயங்கினார், அவ்வளவுதான். ‘நெஜமாத்தாண்டா’ என்று வாய் சொல்வதற்குள் கைகள் மேலே போய்விட்டன. அதற்குப் பிறகு எத்தனை முறை சொன்னாலும் அவை கேட்கவில்லை. டெல்ஃபின் அடுப்படிக்குப் போய் முட்டையை அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். அந்த ஒரு மூச்சுத் தயக்கத்துக்காக அவள் அவரை மன்னித்ததாகத் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வருடங்கள் போயின. கண்ணாடி ஆலை மூன்றாவது உலையையும் அணைத்தது. குவின்சி பள்ளியை முடித்துவிட்டு, நூலகத்தில் உயரத்து அடுக்குகளில் புத்தகம் வைக்கிற வேலையில் சேர்ந்தான். அதற்கு அவனைவிடப் பொருத்தமான ஆள் யார்? ஓபலுக்குப் பதினெட்டு வயதானது. அவள் கார் ஓட்டினாள், யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசினாள், டிராம்போனில் அண்ணனுக்கு அருகே வந்துவிட்டாள். மாநிலப் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு கிடைத்த நாளில், லெமுவேல் பின்னிருக்கையில் வாத்தியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருக்க, குவின்சி முன்னால் கூரைக்கு வெளியே கைநீட்டியபடி உட்கார்ந்திருக்க, அவள்தான் ஓட்டினாள். பொழுது சாயும் நேரம், விட்காம் ஹைட்ஸ் வழியாக வந்தார்கள். மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். குவின்சி நடுவர்களில் ஒருவரைப் போல மூக்கால் பேசிக் காட்டிக்கொண்டிருந்தான். பின்னால் நீலமும் சிவப்புமாக விளக்கு சுழன்றது.

பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்பதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அப்போது யாரும் சொல்லவில்லை. “எதுக்கு நிறுத்தினீங்க?” என்று ஓபல் கேட்டாள். நாற்காலியில் உட்காராத பிள்ளை. அது ஒரு சாதாரணக் கேள்வி என்று நினைத்தாள். போலீஸ்காரர் அவளுக்குப் பதில் சொல்லாமல் குவின்சியை இறங்கச் சொன்னார். அவன் இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. இருக்கையைச் சாய்க்கச் சொல்லி, கைகளைக் கூரை வழியாக உள்ளே வாங்கி, பக்கவாட்டில் நழுவி வர வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். போலீஸ்காரருக்கு அந்த நேரம் பிடிக்கவில்லை. வேறு இரண்டு வண்டிகளைக் கூப்பிட்டார்.

“கைய எறக்கிப் பின்னால கொண்டு வா.”

“வராது சார்.”

“என்ன சொன்ன?”

“கீழ வராது சார். ஒம்போது வருசமாச்சு சார். நான் அசையல சார். மன்னிச்சுக்குங்க சார்.”

குரல் ஏறவில்லை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘சார்’ இருந்தது. லெமுவேல் சொல்லிக்கொடுத்ததில் ஒரு அட்சரம் குறையவில்லை. கையைத் தூக்கு என்று சொன்னால் என்ன செய்வது என்பதுதான் அந்த வீட்டில் ஆயிரம் தடவை நடந்திருக்கிறது. கையை இறக்கு என்று ஒருவர் சொல்லக்கூடும் என்று அவருக்கு ஒரு சனிக்கிழமைகூடத் தோன்றியதில்லை. ஆறு பேர் சேர்ந்து இழுத்தார்கள். வலது தோள் முதலில் விட்டது, பிறகு இடது. ஓபல் கத்திக்கொண்டு இறங்கி ஓடினாள். அவளைத் தார்ச்சாலையில் முகம் பதிய அமுக்கினார்கள். லெமுவேல் பின்னிருக்கையில் இருந்தார். அவருடைய இரண்டு உள்ளங்கைகளும் முன்னிருக்கையின் முதுகில் விரல் விரிந்து பதிந்திருந்தன. எழுந்து போ என்று அவர் தன்னைத்தானே கெஞ்சினார். அப்பா, அப்பா என்று மகன் கூப்பிட்டான், அந்த நேரத்தில் அவன் ‘சார்’ சொல்ல மறந்திருந்தான். அவருடைய கைகள் இருக்கையை விட்டு எழவில்லை. அவர் நல்ல வாத்தியார். பிள்ளைகளுக்குச் சொன்னதையெல்லாம் அவர் உடம்பும் சேர்ந்தே கற்றிருந்தது.

விசாரணை முறைப்படி நடந்தது. உத்தரவுக்குக் கைகள் கீழ்ப்படியவில்லை என்று முடிவு சொன்னார்கள். அதை யாரும் மறுக்க முடியவில்லை, ஏனென்றால் அது உண்மை.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த நாளில் குவின்சியின் கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. நரம்பு அறுந்துவிட்டது, இனி எழாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். டெல்ஃபின் மகனை நடுக்கூடத்தில் நிறுத்தி, அவன் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றி வைத்து, நழுவாமல் பின்னால் தன் கையால் கோத்துப் பிடித்துக்கொண்டு, அவன் மார்பில் முகத்தைப் புதைத்தாள். ஒன்பது வருடத்துப் பசி அது. அவள் சிரித்தாளா அழுதாளா என்று வாசலில் நின்ற லெமுவேலுக்குத் தெரியவில்லை. அவருக்கும் ஒரு கணம் நெஞ்சு நிறைந்துதான் போனது. பையன் கை இறங்கிவிட்டது என்று நினைத்துவிட்டார், பாவி.

அப்போது தெருவில் ஒரு ரோந்துக் கார் சைரன் போட்டுக்கொண்டு போனது. யாருக்கோ எதற்கோ போனது, இந்த வீட்டுக்கு இல்லை. குவின்சியின் உடம்பு விறைத்தது. தோள்கள் துடித்தன, கழுத்து நரம்பு புடைத்தது, முகம் முழுக்க மேலே மேலே என்று தவித்தது. கைகள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் செத்த மீனாகக் கிடந்தன. மறைந்து கிடந்தன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்தக் கைகளில் என்ன இருக்கிறது என்று தெரியாது. லெமுவேல் கூடத்தைத் தாண்டி வந்த வேகத்தில் அவர் வயதுக்காரர் யாரும் வர முடியாது. பின்னாலிருந்து மகனின் மணிக்கட்டுகள் இரண்டையும் பற்றி, மனைவியின் பிடியிலிருந்து பிடுங்கி, தலைக்கு மேலே தூக்கினார். சைரன் ஆற்றைத் தாண்டிக் கரையும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். குவின்சிக்கு மூச்சு வந்தது. டெல்ஃபின் வெறும் கைகளோடு அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று பிடித்த கைகளை லெமுவேல் விடவில்லை. பேண்டு வேலையை விட்டுவிட்டார். மகன் முன்னால் நடப்பான், அப்பா அவன் முதுகோடு ஒட்டி, மணிக்கட்டுகளைப் பிடித்து உயர்த்தியபடி பின்னால் நடப்பார். நான்கு கால்கள், நான்கு கைகள், ஒரே ஆள் நடப்பதாகத்தான் கேட்கும். மகன் அவரைவிட ஒரு தலை உயரம் என்பதால் தடித்த அடி வைத்த பூட்ஸ் ஒன்று செய்து வாங்கிக்கொண்டார். நூலகத்துக்கு இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போனார்கள். முடி வெட்டுகிறவர் இரண்டு நாற்காலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கொடுத்தார். தேவாலயத்தில் பாட்டு வேளையில் சபையே கை தூக்கும்போது, “இங்க வேணாம்ப்பா, விடுங்க” என்று குவின்சி சொல்லிப் பார்த்தான். அவர் விடவில்லை. அவருடைய விரல் எலும்புகள் தேய்ந்து, மகனின் மணிக்கட்டும் அவர் விரலும் எங்கே சேர்கின்றன என்பதே தெரியாதபடி ஆகிவிட்டது. எண்ணெய் தடவும்போது டெல்ஃபின் இப்போது இரண்டு பேர் தோளையும் நீவிவிடுகிறாள்.

தார்ச்சாலையின் கல் ஓபலின் கன்னத்தில் ஒரு வடுவை வைத்துவிட்டது. நான் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் என்று அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். பிறகு ஒரு சனிக்கிழமை அம்மாவிடம் வந்து, “எனக்கும் சொல்லிக் குடுங்க” என்றாள். டெல்ஃபின் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனாள். எந்த நாற்காலிகளை அடுப்பில் வைப்பேன் என்று சொன்னாளோ அவற்றை அவளே இழுத்து இரண்டிரண்டாகப் போட்டாள். சூப்புப் பானையின் மூடியை மகள் கையில் கொடுத்தாள். அலமாரியைத் திறந்து டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்கட்டு வழியாக வெளியே போனாள். லெமுவேல் கூடத்திலிருந்து பார்த்தார். அவருக்குத்தான் கை ஒழியவில்லையே. சிறிது நேரத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது. பிறகு, “செத்துட்ட” என்ற அவளுடைய குரல் கேட்டது. அன்று அந்த வீட்டில் பீச் பழமும் வெண்ணெயும் வெந்தன. தெரு ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தியது.

இப்போதெல்லாம் வெயில் தாழ்ந்த பிறகு அப்பாவும் மகனும் கோர்டீலியா தெருவில் ஒரு சுற்று நடக்கிறார்கள். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு வழி விடுகிறார்கள், ரோஸெட்டா ப்ரூயிட் மாஸ்டருக்கு வணக்கம் சொல்கிறாள். ரோந்துக் கார் திருப்பத்தில் தலை காட்டும்போது குவின்சியின் முதுகு விறைப்பதை லெமுவேல் தன் நெஞ்சில் உணர்கிறார். “அப்பா, நம்மள ஒண்ணும் பண்ண மாட்டாங்கல்ல?” என்று அவன் முன்னால் பார்த்தபடியே கேட்பான். “ஒண்ணும் பண்ண மாட்டாங்கடா” என்று லெமுவேல் உடனே, ஒரு மூச்சுகூடத் தயங்காமல் சொல்வார். அவன் கைகளை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிப்பார். கார் பக்கத்தில் மெதுவாகக் கடக்கும். உள்ளே இருக்கும் போலீஸ்காரர்கள் இவர்களுக்குப் பழகிப்போனவர்கள்தான், சில நாள் பதிலுக்கு அவர்களும் கையசைத்துவிட்டுப் போவார்கள்.